விருந்து முடிந்தபின் மாதா எங்கே படுத்தாள்?

1

நம் ஊர்க் கோயில் பத்திரிகை கப்பல் ஏறி, பினாங்கில் இறங்கி, யார் யார் கையிலோ இருந்துவிட்டு, ஓரம் மடங்கி, எண்ணெய்க் கறையோடு எங்கள் தோட்டத்துக்கு வந்து சேரும். போன வாரம் வந்ததில் ஒரு செய்தி பார்த்தேன். வருகிற சூசையப்பர் திருநாளில் நம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், வீடு வாசல் இல்லாத ஒரு கிழவர், ஒரு பெண், ஒரு குழந்தை ஆகிய மூவரை அழைத்து வந்து, சேசு மரி சூசை என்று உட்கார வைத்து, பாதம் கழுவி, மாலை போட்டு, விருந்து படைக்கப் போகிறார்களாம். கடல் கடந்து போனவர்கள் அங்கே நடக்கும் இப்படிப்பட்ட தர்மங்களைப் பற்றி எழுதினால் பிள்ளைகளுக்கு உற்சாகமாக இருக்கும் என்றும் கேட்டிருந்தீர்கள்.

எழுதுகிறேன். உற்சாகம் வராது.

என்னைத் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். நான் ஆரோக்கியம். கன்னியாஸ்திரீகள் நடத்திய பள்ளியில் மூன்றாம் வகுப்பு வரை படித்தேன். அதற்குமேல் வேண்டாம், நாற்று நடப் போகட்டும் என்று நிறுத்திவிட்டார்கள். கல்யாணம் ஆன கையோடு கெடாவுக்கு வந்துவிட்டோம். சுங்கை லாலாங் பக்கம் ஒரு கித்தாத் தோட்டத்தில், அதாவது ரப்பர்த் தோட்டத்தில், நானும் என் வீட்டுக்காரர் சவரிமுத்துவும் பால் வெட்டுகிறோம். எழுத்துப் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். விஷயத்தைத் திருத்த வேண்டாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எனக்குப் பயம் அதிகம். இருட்டோடு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு மணி அடித்ததும் எல்லோரும் வரிசையில் போய் நிற்போம். அப்போதிலிருந்தே எனக்குப் பயம்தான். கங்காணி பேரை விட்டுவிடுவாரோ, மழை வந்து மரத்து மங்குக் கிண்ணத்தில் இருக்கும் பால் கெட்டுவிடுமோ, நான் காட்டில் இருக்கும்போது பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடுமோ. சவரிமுத்து என்னைப் பார்த்து, ‘உனக்குப் பயப்பட ஒண்ணும் இல்லைன்னா அதுக்கும் பயப்படுவ’ என்பார். அதனால் நான் எழுதுவதைக் கோபக்காரி எழுதுவதாக நினைக்க வேண்டாம். பயந்தவள் எழுதுகிறாள். கோபம் பிறகு வந்தது.

2

கித்தா விலை விழுந்த காலம் அது. பாலை விற்கிற விலைக்கு வெட்டுகிற கூலி கட்டவில்லை என்று தோட்டம் தோட்டமாக ஆட்களை நிறுத்தினார்கள். வேலை போனால், கூலிகளுக்கென்று வரிசையாகக் கட்டிய லயத்து அறையும் போய்விடும். அறை தோட்டத்துக்குச் சொந்தம். அன்றைக்கே சட்டி பானையை எடுத்துக்கொண்டு ரோட்டுக்குப் போக வேண்டியதுதான்.

ரோடு டவுனுக்குப் போகும். டவுனில் சீனர் கடைகளுக்கு முன்னால் கூரை போட்ட நடைபாதை உண்டு, அஞ்சடி என்போம். வேலை போனவர்கள் அங்கே போய்ப் படுத்தார்கள். நம்மைப் போலக் கப்பலில் வந்தவர்கள். காடு வெட்டி மரம் நட்டவர்கள்கூட இருந்தார்கள். விடிந்ததும் கடைக்காரத் தவுக்கே வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி அஞ்சடியைக் கழுவுவார். திட்ட மாட்டார், அடிக்க மாட்டார். தண்ணீர் ஊற்றுவார், அவர்கள் எழுந்துகொள்வார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகும்போது அந்த வழியாகத்தான் போக வேண்டும். நான் முக்காட்டை இழுத்துக்கொண்டு எதிர்ப்பக்கமாகவே நடப்பேன். அவர்களைப் பார்த்தால் என் சட்டி பானை கண்ணில் தெரியும்.

எங்கள் தோட்டத்தில் அந்தச் சமயம் இன்னொரு சட்டமும் போட்டார்கள். வெளியாளை யார் லயத்தில் சேர்த்தாலும் அந்தக் குடும்பத்துக்கே வேலைநீக்கச் சீட்டு. சொந்த அண்ணன் தம்பி ஆனாலும் சரிதான். சாயங்காலம் கங்காணி பெரியண்ணன் தடியைத் தட்டிக்கொண்டு ஒவ்வொரு வாசலாக எட்டிப் பார்த்துப் போவார்.

3

எங்கள் மகள் லூர்து அப்போது சிறு பிள்ளை. டவுனில் கோயிலும் பள்ளிக்கூடமும் ஒரே பலகைக் கட்டடம். ஞாயிற்றுக்கிழமை பீடத்துத் திரையை விலக்குவார்கள், மற்ற நாளில் மூடிவிட்டுப் பெஞ்சு போடுவார்கள். வெள்ளைக்காரச் சாமியார் மாதத்துக்கு ஒருமுறைதான் வருவார். மற்றதெல்லாம் மரியாம்பிள்ளை மாஸ்டர்தான். யாழ்ப்பாணத்துக்காரர். மாதச் சம்பளம், ஓடு போட்ட வீடு, கஞ்சி போட்ட கோட்டு. படிப்பு நன்றாகத்தான் சொல்லிக்கொடுத்தார், அதை மறுக்க மாட்டேன்.

ஆனால் பிள்ளை என்னிடமிருந்து நழுவிப்போனாள். வீட்டுக்கு வந்ததும் ‘அம்மா, விளங்கேல்லையோ?’ என்பாள். பேசுவதைக் கதைப்பது என்பாள். மழை வந்தால் ஊஜான் என்று மலாயில் சொல்வாள், நான் மழை என்று திருத்தினால் ‘ரெண்டும் ஒண்ணுதானேலா’ என்பாள். ஒரே வாயில் மூன்று ஊர். என் ஊர் அதில் எங்கே இருக்கிறது என்று தேடிக்கொண்டிருப்பேன். ஜெபத்தில் மட்டும் தப்பு வராது. ஞானோபதேசத்தில் அவள்தான் முதல்.

தபசுக்காலத்தில் பிள்ளைகள் தினம் ஒரு பிடி அரிசி கொண்டுவர வேண்டும் என்று மாஸ்டர் சொல்லிவிட்டார். ஏழைகளுக்காம். பாதிநாள் வேலைக்குப் பாதி அரிசி வாங்கிக்கொண்டிருந்த நாங்கள் ஏழை இல்லையா என்று சவரிமுத்து கேட்டார். லூர்து கையை விரித்துக்கொண்டு நின்றாள். நான் கொடுத்தேன். ஏன் என்று கேட்டால், கொடுக்காவிட்டால் கடைசி பெஞ்சில் உட்கார வைப்பாரோ என்ற பயம்.

அந்த அரிசியில்தான் சூசையப்பர் விருந்து நடந்தது.

4

மாஸ்டரே அஞ்சடிக்குப் போய் மூன்று பேரைப் பொறுக்கி எடுத்தார். தாடி நன்றாக இருந்ததால் வீரன் என்ற கிழவர் சூசையப்பர். அங்கே ஒரு சின்னப் பையனோடு உட்கார்ந்திருந்த பாப்பாத்தி மாதா. அவள் பையன் முருகேசன், சேசு பாலன். பாப்பாத்திக்கும் வீரனுக்கும் எந்த உறவும் இல்லை. அவர் ஒரு தோட்டம், அவள் ஒரு தோட்டம். அவள் புருசன் காய்ச்சலில் செத்து ஆறு மாதம்கூட ஆகியிருக்காது. தனியாள் பெண்ணுக்கு வேலை இல்லை என்று அனுப்பிவிட்டார்கள்.

இதெல்லாம் பிறகுதான் தெரிந்தது. அன்றைக்கு யாரும் கேட்கவில்லை.

சாமியார் வந்திருந்தார். தோட்டங்களிலிருந்து நாங்களும் போயிருந்தோம். பெஞ்சின்மேல் வெள்ளைத் துணி விரித்து மூவரையும் உட்கார வைத்தார்கள். வீரன் நெற்றியில் திருநீறு பூசியிருந்தார். மாஸ்டர் தன் கைக்குட்டையை நனைத்து அதை மெதுவாகத் துடைத்தார். கிழவர் நெற்றியைக் காட்டினார், வைத்தியரிடம் புண்ணைக் காட்டுவதுபோல. லூர்துதான் பாதம் கழுவினாள். தாம்பாளத்தில் மூன்று பேர் காலையும் கழுவித் துடைத்து முத்தம் கொடுத்தாள். நான் பெருமைப்பட்டேன், அதையும் எழுதிவிடுகிறேன். என் பிள்ளையை முன்னால் நிறுத்தியிருக்கிறார்களே என்று.

பிறகு மாலை. வீரனுக்கு ஒன்று, பாப்பாத்திக்கு ஒன்று. பாப்பாத்தி கையை நீட்டித் தடுத்தாள். எனக்கு வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். மாஸ்டர் சிரித்துக்கொண்டே, தாழ்ச்சியைப் பாருங்கள், தேவமாதாவும் இப்படித்தான் என்று பிள்ளைகளுக்குச் சொன்னார். சொல்லிவிட்டுப் போட்டார்.

வாசலுக்கு வெளியே அஞ்சடி ஆட்கள் கூட்டமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். நம் கோயில் வழக்கம் அவர்களுக்கு என்ன தெரியும்? அவர்கள் கண்டது ஒன்றுதான். புருசன் செத்த பெண் ஒருத்தி, ஒரு கிழவனுக்குப் பக்கத்தில், மாலையும் கழுத்துமாக, சாமி முன்னால், சபை நடுவில், பாட்டோடு உட்கார்ந்திருக்கிறாள். நம் சனங்களில் இதற்கு ஒரே ஒரு பெயர்தான் உண்டு.

சாமியார் தம் பாஷையில் ஏதோ கேட்டார். மாஸ்டர் பதில் சொன்னார். நொடித்துப்போன ஒரு குடும்பத்தை நம் பள்ளிப் பிள்ளைகள் கண்டுபிடித்து அழைத்து வந்திருக்கிறார்கள் என்று சொன்னதாகப் பிறகு கேள்விப்பட்டேன். குடும்பம் என்று சொல்லியிருக்கிறார். சாமியாருக்குக் கண் கலங்கிவிட்டது.

சோறு, சாம்பார், பூசணிக்காய்க் கூட்டு, பாயசம். பாயசம் ஊற்றிக்கொண்டு வந்தவர் டவுன் சர்க்கார் ஆபீஸ் கிராணி, ஊரில் குமாஸ்தா என்பீர்களே, அவர். நம் வேதக்காரர், பூசைக்கு முதல் பெஞ்சு. பாப்பாத்தி கொஞ்சம் சாப்பிட்டுவிட்டு மீதியை இலையோடு மடித்து முந்தானையில் கட்டப் போனாள். விருந்துச் சோற்றை வெளியே கொண்டுபோகக் கூடாது, பரிசுத்தமானது, இங்கேயே சாப்பிடட்டும் என்று சொல்லிப் பிரிக்க வைத்தார்கள். ராத்திரிக்கு என்ன செய்வாள் என்று எனக்குத் தோன்றியது. கேட்கவில்லை. கூட்டத்தில் நான் எதையும் கேட்கிறவள் இல்லை.

எல்லாம் முடிந்து மாலையைத் திரும்ப வாங்கிப் பீடத்துச் சுரூபத்துக்குப் போட்டார்கள். மூன்று பேரும் அஞ்சடிக்குப் போனார்கள். மறுநாள் விடிந்ததும் தவுக்கே தண்ணீர் ஊற்றினார்.

5

பாப்பாத்திக்குப் பாடு அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது. அஞ்சடியில் அவளைப் புதுப்பொண்ணு என்று கூப்பிட்டார்கள். இராத்திரி பக்கத்தில் வந்து, கிழவன் எங்கே படுத்திருக்கான் என்று கேட்டுச் சிரித்தார்கள். மற்றப் பெண்கள் அவளோடு படுக்காமல் தள்ளிப்போனார்கள். வீரனுக்கே அது தாங்கவில்லை. கோலா கெடாவில் மீன் கூடை தூக்க ஆள் வேண்டுமாம் என்று ஒருநாள் காலையில் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டார். நல்ல மனுசன்தான், தன்னால் அவளுக்குக் கெட்ட பேர் என்று போயிருப்பார். ஆனால் அவர் போனது இன்னும் வினையாகிவிட்டது.

அந்தச் சமயம் வேலை இல்லாதவர்களைச் சர்க்கார் செலவில் ஊருக்குத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். பாப்பாத்தியும் டவுன் ஆபீசுக்குப் பேர் எழுதிக்கொடுக்கப் போனாள். அங்கே உட்கார்ந்திருந்தது யார்? பாயசம் ஊற்றிய கிராணி. அவளைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது. ‘உன் புருசன் எங்கம்மா? கூட்டிட்டு வா. குடும்பத்தைப் பிரிச்சு அனுப்ப மாட்டோம்’ என்றாராம். அவர் என் புருசன் இல்லை என்று இவள் சொல்ல, சாமியார் முன்னால் சேர்ந்து உட்கார்ந்ததை நானே பார்த்தேனே, புருசனை விட்டு ஓடுகிறவளுக்குக் கப்பல் கிடையாது என்று எழுப்பி அனுப்பிவிட்டார். மறுபடி போனாள். மறுபடியும் அதேதான்.

இது எங்களுக்குத் தெரிந்தது எப்படி என்றால், லூர்து ஒருநாள் பள்ளி விட்டு வரும்போது பாப்பாத்தியையும் பையனையும் கையோடு கூட்டிக்கொண்டு லயத்துக்கு வந்துவிட்டாள். நல்ல மழை. மூன்று பேரும் நனைந்து வாசலில் நிற்கிறார்கள்.

‘உள்ள வரச் சொல்லும்மா,’ என்றாள் லூர்து. ‘நான் கால் கழுவினவங்க. இவங்களை ஏத்துக்கிட்டா சேசுவை ஏத்துக்கிட்டதுன்னு மாஸ்டர் சொன்னவர்.’

கங்காணி வருகிற நேரம். அடுப்படியில் சவரிமுத்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார், நீ சொல்வதுதான் என்பதுபோல. நான் வாசல்படியை அடைத்துக்கொண்டு நின்றேன்.

‘உள்ள வர வேணாம். எங்களுக்குச் சீட்டுக் குடுத்துருவாங்க.’

பாப்பாத்தி கோபப்படவில்லை. ‘தெரியும்க்கா. நானும் லயத்துல இருந்தவதான். புள்ள கையப் புடிச்சு இழுத்துச்சு, வந்துட்டேன்’ என்றாள். அவளையும் பையனையும் கூரை ஓரத்தில், சொட்டுகிற தண்ணீருக்கு உள்பக்கம் நிற்க வைத்தேன். கஞ்சி கொடுத்தேன். நின்றபடி குடித்துக்கொண்டே கப்பல் விஷயத்தை எல்லாம் சொன்னாள். சொல்லி முடித்துவிட்டு, ‘விடியக்காலையில ஒருத்தன் தண்ணி ஊத்தி எழுப்பி விடுறான். உங்க பள்ளிக்கூடத்துல தண்ணி ஊத்தி உக்கார வச்சாங்க. ரெண்டு தண்ணியில எது மேல்னு இப்ப சொல்லத் தெரியுது எனக்கு’ என்றாள்.

பெரியண்ணன் வந்தார். பார்த்தார். வெளியேதான் நிற்கிறார்கள், மழை விட்டதும் போய்விடுவார்கள் என்றேன். ‘அதான் பாத்தேன். உனக்கு விவரம் பத்தும் ஆரோக்கியம்’ என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தப் பாராட்டைப்போல ஒரு அசிங்கம் இதுவரை யாரும் என்மேல் வீசியதில்லை.

நான் செய்தது பாவம் என்று பாவசங்கீர்த்தனம் பண்ண இதை எழுதவில்லை. இன்றைக்கு வந்தாலும் வாசலில்தான் நிறுத்துவேன். என் கூரை என்னுடையது இல்லை. ஆனால் ஓட்டு வீட்டில் காலி அறையும் வைத்திருக்கிற மாஸ்டர், ஏத்துக்கொள் ஏத்துக்கொள் என்று என் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு, அதை என் வாசலில் வந்து நிற்க வைக்கிறாரே. அன்றைக்குத்தான் கோபம் வந்தது.

6

மறுநாள் பாதி வேலையில் உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டு டவுனுக்குப் போனேன். அஞ்சடியில் பாப்பாத்தியையும் பையனையும் கூப்பிட்டுக்கொண்டேன். பள்ளிக்கூடம் நடந்துகொண்டிருந்தது. வாசலில் போய் நின்றதும் பிள்ளைகள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். லூர்து எழுந்து நின்றுவிட்டாள், பிறகு யாரும் சொல்லாமல் உட்கார்ந்தாள். பிள்ளையைப் பள்ளியை விட்டு நிறுத்திவிட்டால் என்ன செய்வது, மாஸ்டருக்குக் கங்காணியைத் தெரிந்திருந்தால் என்ன செய்வது என்று மனசில் ஓடிக்கொண்டிருந்தது. திரும்பிப் போய்விடலாம் என்றுகூட நினைத்தேன். பாப்பாத்தி எனக்குப் பின்னால் நின்றதால் திரும்ப வழியில்லை.

மாஸ்டர் எங்களைத் தாழ்வாரத்துக்கு அழைத்துப்போனார். ஆபீசில் நடந்ததைச் சொன்னேன். நீங்கள் வந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும், இவர்கள் குடும்பம் இல்லை என்று, கிராணி கேட்பார் என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

‘இஞ்சை பாரும் ஆரோக்கியம். நாங்கள் செய்தது ஒரு பக்தி முயற்சி. அதை ஏன் கந்தோருக்கு இழுக்கிறீர்?’

‘நான் இழுக்கல மாஸ்டர். அது தானா ஆபீசுல போயி உக்காந்திருக்கு.’

‘சுவாமியாருக்கு நான் என்னெண்டு சொல்லுறது? குடும்பம் எண்டு சொல்லிப்போட்டன். பிள்ளைகளின்ர முகத்தை யோசியும். இவ்வளவு நாளும் திருக்குடும்பம் எண்டு நினைச்சுக்கொண்டு இருக்குதுகள்.’

இவளுக்கு வேறு ஏதாவது உதவி செய்கிறேன், கொஞ்சம் அரிசி தருகிறேன், ஒரு புடவை தருகிறேன் என்றார். கெட்ட மனுசன் இல்லை, அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். கையில் இருப்பதை எல்லாம் கொடுக்கத் தயாராக இருந்தார். அவரிடம் கேட்டது ஒரு வார்த்தை. அதை மட்டும் கொடுக்க மனசில்லை.

அப்போதுதான் பாப்பாத்தி பேசினாள். சத்தமாகக்கூடப் பேசவில்லை.

‘அய்யா, எம் புருசன் பேரு தங்கவேலு. செத்த அன்னிக்கு மண்ணு தள்ள நாலு பேரு வந்தாங்க, அழ நான் ஒருத்திதான். அவனுக்கு அழுது முடிக்கல, அதுக்குள்ள வேற ஆம்பளப் பக்கத்துல உக்கார வச்சு எங் கழுத்துல மாலையப் போட்டீங்க. வேணாம்னு கையக் காட்டினேன். அதையும் ஒங்க சாமி மாதிரின்னு சொல்லிட்டீங்க. இப்ப நான் தங்கவேலு பொண்டாட்டியும் இல்ல, அந்தக் கெழவனுக்குப் பொண்டாட்டியும் இல்ல, ஊருக்குப் போகவும் முடியல. நீங்க போட்ட மாலைய நீங்கதான் கழட்டணும். எனக்குக் கழட்டத் தெரியல.’

உள்ளே பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்வதை நிறுத்திவிட்டார்கள். பலகைச் சுவர், எல்லாம் கேட்டிருக்கும்.

மாஸ்டர் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டார். பிள்ளைகளுக்குப் படம் வரையச் சொல்லிவிட்டு எங்களுக்கு முன்னால் நடந்தார். அஞ்சடி வழியாகத்தான் போக வேண்டும். ‘ஏய், மாப்பிள வீட்டுக்காரர் போறார்டா’ என்று எவனோ சொன்னான். மாஸ்டருக்குக் காது சிவந்துவிட்டது. இவள் தினமும் கேட்பதை அவர் அன்றைக்கு ஒருதரம் கேட்டார்.

ஆபீசில் கிராணி எழுந்து நாற்காலி போட்டார். மாஸ்டர் உட்காரவில்லை. ‘இவை ஒரு குடும்பம் இல்லை’ என்றார். ‘அந்த மனுசன் ஆரெண்டு இந்தப் பொம்பிளைக்குத் தெரியாது. நான்தான் பக்கத்தில இருத்தினனான். நான் விசாரிக்கேல்லை.’

கிராணி அவரையும் பார்த்தார், பாப்பாத்தியையும் பார்த்தார். ‘அப்ப அன்னைக்கு நாம கும்பிட்டது யாரை மாஸ்டர்?’ என்று கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை, நிஜமாகத்தான் கேட்டார். மாஸ்டர் வாசல் பக்கம் திரும்பி நடந்தார். வெளியே வந்ததும் எங்களை விட்டு நேரே பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு லூர்துவைத் திருநாளில் மெழுகுவர்த்தி பிடிக்கவிடவில்லை. பள்ளியை விட்டு நிறுத்தவில்லை, அதுவரைக்கும் சரி.

பாப்பாத்திக்குக் கப்பல் கிடைத்தது. லாரியில் ஏற்றிப் பினாங்குக்குக் கொண்டுபோனார்கள். அன்று ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து நாங்கள் ரோட்டில் நின்றோம். ஊரில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டேன். யாரும் இல்லை, இங்கேயும் யாரும் இல்லை, அங்கே பாஷையாவது தெரியும் என்றாள். லூர்து பையனுக்கு வேர்க்கடலைப் பொட்டலம் ஒன்று கொடுத்தாள். லாரி கிளம்பும்போது பாப்பாத்தி பலகையைப் பிடித்துக் குனிந்து என்னிடம், ‘அக்கா, எறங்குன எடத்துல யாரும் காலக் கழுவ வராம இருக்கணும்னு வேண்டிக்க’ என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

7

லூர்து இப்போது அதே பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்புக்குச் சொல்லிக்கொடுக்கிறாள். மாஸ்டர் ஓய்வு வாங்கிக்கொண்டு யாழ்ப்பாணம் போய்விட்டார். விருந்து இன்னும் நடக்கிறது. மூன்று பேரைத் தள்ளித் தள்ளி உட்கார வைக்கிறார்கள், மாலை போடுவதில்லை. அத்தனையும் நடந்த பிறகு அவர்கள் கற்றுக்கொண்டது மாலையை விடுவது மட்டும்தான். விருந்து முடிந்ததும் இன்றைக்கும் கதவைச் சாத்துகிறார்கள்.

இதை எழுதுகிறேன் என்று தெரிந்து லூர்து சண்டைக்கு வந்தாள். ‘நீங்கள் சொல்லுறது எல்லாம் சரி அம்மா. ஆனா அன்னைக்கு அவங்க சாப்பிட்டது சோறுதானே? பசிச்சவங்களுக்கு அதுவும் இல்லைன்னு சொல்லச் சொல்றீங்களா?’ என்றாள். நான் மூன்றாம் வகுப்பு, அவள் வாத்தியார். சோறு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சோற்றைப் போட்டுவிட்டு அவர்களைப் பார்த்து நாம் பாட்டுப் பாடுவது எதற்கு என்றுதான் எனக்குப் புரியவில்லை. இந்த எரிச்சல் எனக்கு இங்கே வந்து பிடித்ததும் இல்லை. நம் ஊரில் பெரிய தெரு வீடுகளில் சூசையப்பர் விருந்து வைத்தபோது, எங்கள் தெருக்காரருக்குக் கோயில் மதிலுக்குப் பின்னால் எங்கள் பாத்திரத்தில்தான் ஊற்றினீர்கள். எங்கள் தெருக் கிழவர் எவரையும் பெஞ்சில் ஏற்றி நான் பார்த்ததில்லை. இந்த வருசம் யாரை ஏற்றப் போகிறீர்கள் என்று பத்திரிகையில் போடவில்லை. அதையும் போடுங்கள்.

பாப்பாத்தி நம் பக்கத்துக்காரிதான், ஆற்றுக்கு வடகரை. ஊர் பேரைச் சொன்னாள், நான் மறந்துவிட்டேன். முருகேசன் இப்போது வளர்ந்திருப்பான். கூலிக்கு ஊர் ஊராகப் போகிறவர்கள் நம் ஊர் வழியாகவும் போவார்கள். உங்கள் பிள்ளைகள் திருக்குடும்பம் தேடிக் கிளம்பும்போது, சத்திரத்து ஓரத்திலோ சந்தைக் கொட்டகையிலோ அவள் உட்கார்ந்திருக்கலாம். வெள்ளைத் துணி விரித்த பெஞ்சைக் காட்டினால் எழுந்து போய்விடுவாள். தாழ்ச்சி என்று பிள்ளைகளுக்குச் சொல்லாதீர்கள். பின்னாலேயே போய், உன் பேர் என்ன என்று கேளுங்கள். புருசன் பேர் தங்கவேலு என்று சொன்னால் அவள்தான். அவளிடம் சாப்பாட்டைப் பற்றிப் பேச வேண்டாம். இன்றைக்கு ராத்திரி எங்கே படுக்கலாம், நாளைக்கு ராத்திரி எங்கே படுக்கலாம் என்று சொல்ல உங்களிடம் ஏதாவது இருந்தால் மட்டும் வாயைத் திறங்கள்.